டி90-ஐ மாற்றும் நேரம் வந்துவிட்டதா? பாடியா, லென்ஸா? (நாட்டியம், கொஞ்சம் பறவை)

செம்பூர்வாசி:

வணக்கம். கையில் நிக்கான் டி90 கேமரா இருக்கிறது. கூடவே 18-105 விஆர் கிட் லென்ஸ், 50 மிமீ எஃப் 1.8டி, 70-300 விஆர். ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படங்கள்) 41,000 சொச்சம். பழுது எதுவும் இல்லை. கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் மட்டும் உப்பிக் கழன்று நிற்கிறது.

நான் எடுப்பதில் முக்கால்வாசி பரதநாட்டியம்தான். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், மாட்டுங்கா மைசூர் அசோசியேஷன், எப்போதாவது ஷண்முகானந்தா. மேடையிலிருந்து சுமார் 10 மீட்டர் தள்ளித்தான் நிற்க விடுவார்கள். ஃப்ளாஷ் கூடாது. மீதி நேரம், சீசனில் சிவ்டி, ஐரோலி பக்கம் பூநாரை.

பிரச்சினை இதுதான். லென்ஸை 105-க்குக் கொண்டுபோனால் எஃப் 5.6 (லென்ஸ் திறப்பு; எண் கூடினால் வெளிச்சம் குறையும்). ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 3200 வைத்தும் 1/60 நொடிக்கு மேல் ஷட்டர் ஏறுவதில்லை. முகம் ஓரளவு வருகிறது, கையும் பாதமும் கரைந்துபோகின்றன. நிழல் பகுதியெல்லாம் நாய்ஸ் (பொரிப்பொரியான புள்ளிகள்). அரங்கேற்றம் முடிந்ததும் படங்கள் 12×36 அங்குல விரிப்புள்ள கரிஷ்மா ஆல்பத்துக்குப் போகும்.

பட்ஜெட் 70,000. மனதில் இருப்பவை: புது இசட் 50 டூ, இரண்டு கிட் லென்ஸோடு, அல்லது செகண்ட் ஹேண்ட் டி750, அல்லது செகண்ட் ஹேண்ட் டி7200. கேட்கிறவர்கள் எல்லோரும் மிரர்லெஸுக்கு (இசட் 50 டூ மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) போ என்கிறார்கள். எது சரி?

கிங்ஸ் சர்க்கிள்:

பாடியைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு.

டி90-இன் சென்சார் 23.6 × 15.8 மிமீ. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 85 மிமீ லென்ஸில் 10 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் ஃப்ரேமின் உயரம் 2.8 மீட்டர். தலைக்கு மேல் கை தூக்கிய நாட்டியக்காரர் பாதம் முதல் விரல் நுனி வரை அடங்கி, மேலே கொஞ்சம் காற்றும் மிஞ்சும். அதாவது உங்கள் இடத்துக்கு வேண்டிய லென்ஸ் 85. நீங்கள் 105 வரை இழுப்பது பழக்கத்தால்தான்.

இப்போது வெளிச்சம். எஃப் 5.6-இலிருந்து எஃப் 2-க்கு வந்தால் சரியாக மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரு மடங்காக்கும்). அதே ஐஎஸ்ஓ 3200-இல் 1/60 என்பது 1/500 ஆகிறது. இது படத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜதியில் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசினால் 1/60-இல் 33 மிமீ நகர்ந்துவிடும். உங்கள் ஃப்ரேமில் அது ஏறக்குறைய 50 பிக்சல், விரல்கள் தனித்தனியாகத் தெரியவே தெரியாது. 1/500-இல் 4 மிமீ, ஆறே பிக்சல். ஆல்பத்தில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. விஆர் இங்கே உதவாது. அது அடக்குவது உங்கள் கை நடுக்கத்தை. ஆடுகிறவரின் வேகத்தை எந்த ஸ்டெபிலைசரும் நிறுத்தாது.

அடுத்து டி750. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) என்பதால் டி90-ஐ விட நாய்ஸில் சுமார் ஒன்றரை ஸ்டாப் லாபம் உண்டு, உண்மைதான். ஆனால் அதே இடத்தில் நின்று அதே ஃப்ரேம் வேண்டுமென்றால் அதற்கு 85 போதாது, 135 வரை போகவேண்டும். கைக்கு எட்டும் விலையில் அந்தத் தூரத்துக்குக் கிடைப்பது பழைய 80-200 எஃப் 2.8 மாதிரி லென்ஸ்கள். எஃப் 1.8-க்கும் எஃப் 2.8-க்கும் இடையே ஒன்றேகால் ஸ்டாப். சென்சாரில் கிடைத்த ஒன்றரை லென்ஸில் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. 85-ஐயே மாட்டி கிராப் செய்தாலும் சென்சாரின் ஓரங்களை வெட்டித்தான் எறிகிறீர்கள். லாபமும் அதோடு போகும். இதைச் சொல்லாமல் "ஃபுல் ஃப்ரேமுக்குப் போ" என்று அறிவுரை சொல்வது சரியில்லை.

டி7200-இல் நாய்ஸ் லாபம் அரை ஸ்டாப் அளவுதான். அங்கே உண்மையான முன்னேற்றம் ஆட்டோஃபோகஸ். டி90-இல் 11 புள்ளி, நடுவிலிருக்கும் ஒன்று மட்டுமே கிராஸ் டைப் (குறுக்கும் நெடுக்குமாக இரு திசையிலும் பிடிப்பது). டி7200-இல் 51 புள்ளி, 15 கிராஸ் டைப், அதுவும் மைனஸ் 3 ஈவி (வெளிச்ச அளவு; எண் இறங்க இறங்க இருட்டு) வரை பிடிக்கும். டி90 மைனஸ் 1-உடன் நின்றுவிடும்.

என் தீர்ப்பு: முதலில் 85 மிமீ எஃப் 1.8ஜி. 350 கிராம்தான், தோள்பட்டைக்குச் சிரமம் இல்லை. எஃப் 1.8டி சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது ஸ்க்ரூ டிரைவ், பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதை ஓட்டவேண்டும். ஜி-யில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, நாளைக்கு மிரர்லெஸுக்குப் போனாலும் எஃப்டிஇசட் அடாப்டரில் (பழைய நிக்கான் லென்ஸை மிரர்லெஸில் மாட்டும் இணைப்பு) ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். இன்றைக்கு வாங்கும் எதையும் அடுத்த பாடிக்கும் ஆகுமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஐரோலி காலை:

நாட்டியம் பற்றி மேலே சொல்லிவிட்டார். பூநாரைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே கணக்கு தலைகீழ்.

பறவை எப்போதும் தூரத்தில். 300 மிமீ வைத்தும் கிராப் செய்துதான் ஆகவேண்டும். அதனால் பார்க்கவேண்டியது பறவையின் மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான். டி90 முழு ஃப்ரேம் 12.3 மெகாபிக்சல். டி750-ஐ டிஎக்ஸ் கிராப்பில் (டி90 சென்சார் அளவுக்கு நடுப்பகுதி மட்டும்) போட்டால் கிடைப்பது 10 மெகாபிக்சல் சொச்சம். அதாவது, அதே 70-300-ஐ மாட்டினால் புது பாடியில் பூநாரை இன்னும் சின்னதாகத்தான் வரும். டி7200-இல் அதே பரப்பில் 24 மெகாபிக்சல். பறவைக்காக என்றால் அந்த மூன்றில் டி7200தான், யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று: உங்கள் 18-105-ம் டிஎக்ஸ் லென்ஸ். டி750-இல் மாட்டினால் அதுவும் அந்த 10 மெகாபிக்சலுக்குத்தான் சுருங்கும். அகலப் படத்துக்குத் தனி லென்ஸ் செலவு தலையில் விழும்.

அவசரப்பட்டு லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி90-இல் எல்லா நிக்கான் லென்ஸும் வேலை செய்யாது. ஏஎஃப்-பி என்று போட்டிருக்கும் லென்ஸ்களில் ஃபோகஸே ஆகாது, மேனுவலாகக்கூட. இ என்ற எழுத்துள்ள லென்ஸ்களில், உதாரணத்துக்கு 200-500 எஃப் 5.6இ, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) மின்சாரத்தால் இயங்குகிறது. டி90-க்கு அது புரியாது, முழுக்கத் திறந்த நிலையிலேயே நிற்கும். 70-200 எஃப் 2.8-இல் இ என்ற புது பதிப்பும் அப்படியே. பழைய ஜி பதிப்புகள் பரவாயில்லை.

சிவ்டியில் இருக்கிற லென்ஸை வைத்தே நல்ல படம் வேண்டுமானால் ஓத அட்டவணை பாருங்கள். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் சேற்றின் கடைசி விளிம்பில் நிற்கும். நீர் ஏற ஏற கரையை நோக்கி நகர்ந்து வரும். அந்த நேரமும் காலை வெயிலும் சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். 500 மிமீ லென்ஸ் தராததை அது தரும்.

போரிவலி வீடியோ:

நான் மிரர்லெஸ் பக்கம்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரு நிபந்தனையோடுதான் சொல்வேன்.

வீடியோ வேண்டுமா? வேண்டுமென்றால் விவாதமே இல்லை, டி90 போதாது. 2008-இல் வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் 720பி, ஒரு துண்டு 5 நிமிடத்துக்கு மேல் போகாது, ஓடும்போது ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஒலி மோனோ. ஒரு வர்ணமே அரை மணி நேரம். மார்கம் (நிகழ்ச்சியின் உருப்படி வரிசை) முழுக்கப் பதிவு செய்ய அது உருவாக்கப்படவே இல்லை. இசட் 50 டூ இதில் வேறு உலகம்; கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸும் முகம் திரும்பித் திரும்பி வரும் அபிநயத்தில் நிறையக் காப்பாற்றும்.

புகைப்படம் மட்டும் என்றால், இரண்டு கிட் லென்ஸோடு அதை வாங்காதீர்கள். 16-50 கிட் 50-க்குப் போகும்போது எஃப் 6.3. 50-250-ம் எஃப் 4.5-இல் தொடங்கி 6.3-இல் முடிகிறது. நீங்கள் இன்று எஃப் 5.6-இல் படும் அதே அவஸ்தை, புதுப் பெட்டியில். பாடியில் ஸ்டெபிலைசரும் கிடையாது. உங்கள் 50 எஃப் 1.8டி அடாப்டரில் ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்பவேண்டும். எஃப்டிஇசட்டுக்குள் ஸ்க்ரூ மோட்டார் இல்லை. பாடி, அடாப்டர், 85 மூன்றும் சேர்ந்துதான் உண்மையான விலை. அந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

சத்தம் போடாத எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பியும் யாரும் மாறவேண்டாம். எல்இடி மேடை விளக்கின் கீழ் அந்த ஷட்டரில் படத்தின் குறுக்கே இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டை விழும். சென்சார் வரிவரியாகப் படிக்கும் நேரத்துக்குள் விளக்கு பல தடவை அணைந்து எரிந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுக்கவேண்டியிருக்கும்.

பழுது மேசை:

பாருங்க, மாத்துறதுக்கு முன்னாடி இருக்கறது சரியா இருக்கான்னு பார்க்கணும். டி90-ல ஏஎஃப் ஃபைன் டியூன் மெனு கிடையாது. லென்ஸ் கொஞ்சம் முன்னாலயோ பின்னாலயோ ஃபோகஸ் ஆச்சுன்னா நீங்களா திருத்த முடியாது. எஃப் 5.6-ல தெரியாத அந்தக் குறை எஃப் 1.8-ல பளிச்சுனு தெரியும். அதனால 85 வாங்கற இடத்துலயே சோதிச்சுப் பாருங்க.

கேமராவை டிரைபாட்ல வச்சு, 3 மீட்டர் தள்ளி சுவத்துல ஒரு செய்தித்தாளை ஒட்டுங்க. எஃப் 1.8. வியூஃபைண்டர் வழியா நடுப் புள்ளில ஃபோகஸ் பண்ணி அஞ்சு படம், ஒவ்வொரு தடவையும் வளையத்தை இன்ஃபினிட்டிக்குத் திருப்பிட்டு மறுபடி. அப்புறம் லைவ் வியூல அதே அஞ்சு. லைவ் வியூ சென்சார்லயே நேரடியா பார்க்குது, அது எப்பவும் சரியா இருக்கும். அதுல எழுத்து கூர்மையாவும் வியூஃபைண்டர் படத்துல மங்கலாவும் இருந்தா, ஃபோகஸ் சென்சாரோ சின்னக் கண்ணாடியோ விலகியிருக்கு. சர்வீஸ் சென்டர்ல லென்ஸையும் பாடியையும் சேர்த்துக் குடுத்தாதான் சரி பண்ண முடியும். அஞ்சும் அஞ்சு விதமா வந்தா வெளிச்சம் போதலன்னு அர்த்தம், இன்னும் வெளிச்சத்துல திரும்ப எடுங்க.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ்னா மும்பைல முதல் எதிரி பூஞ்சைதான். பின்பக்கத்துல இருக்கற சின்ன லீவரை விரலால தள்ளி அபெர்ச்சரை முழுக்கத் திறந்துக்கங்க. போன் டார்ச்சைப் பின்னாலருந்து அடிச்சு, முன்னாலருந்து சாய்வாப் பாருங்க, நேரா இல்ல. தூசி புள்ளியாத் தெரியும், அது பரவாயில்லை. பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி, ஓரத்துலருந்து நடுவை நோக்கிக் கிளை விட்டிருக்கும். அப்படி இருந்தா எவ்வளவு மலிவா குடுத்தாலும் வேண்டாம். சுத்தம் பண்ணினாலும் கோட்டிங்கை அரிச்ச தடம் போகாது.

ஃபோர்ட்டுல போரா பஜார் பக்கம் டி750 பார்த்தீங்கன்னா: ஒரு ஜேபெக் எடுத்துட்டு வந்து எக்ஸிஃப்டூல்ல (படத்துக்குள்ள பதிவான எக்ஸிஃப் தகவலைக் காட்டற மென்பொருள்) ஷட்டர் கவுண்ட் பாருங்க. 1,50,000-க்கு சோதிச்ச ஷட்டர் அது. உங்க 50டி-யைக் கையோட கொண்டுபோய் மாட்டி ஃபோகஸ் ஆகுதான்னு பாருங்க, ஸ்க்ரூ மோட்டார் போயிருந்தா மத்த லென்ஸ்ல தெரியாது. ரெண்டு கார்டு ஸ்லாட்டையும் தனித்தனியா போட்டுப் பாருங்க. 2015-ல அந்த மாடலோட ஷட்டருக்கு நிக்கானே அறிவிப்பு குடுத்து இலவசமா சரி பண்ணிக் குடுத்தாங்க, அதனால சீரியல் நம்பரை அவங்க தளத்துல போட்டுப் பார்த்துட்டு பணம் குடுங்க. பில், பெட்டி, பாடி மூணுலயும் நம்பர் ஒண்ணா இருக்கணும்.

செம்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வீடியோ வேண்டாம், அதற்கு வேறு ஆள் வருகிறார். கடைசி இரண்டு நிகழ்ச்சிகளில் கழித்துப்போட்ட படங்களை எக்ஸிஃபோடு உட்கார்ந்து பிரித்தேன். மொத்தம் 240. கை, கால் அசைவில் கலங்கியது 151. ஃபோகஸ் தப்பியது 38. நாய்ஸ் தாங்காமல் கழித்தது 29. மீதி கண் மூடியது, மைக் ஸ்டாண்டு மறைத்தது போன்றவை. கலங்கியவை எல்லாமே 1/80-க்குக் கீழே.

மூன்று சந்தேகம். எஃப் 2-இல் எடுத்தால் முகம் கூர்மையாக இருந்து கை மங்கிவிடாதா? ஆல்பத்துக்கு 12 மெகாபிக்சல் போதுமா? அந்த நாய்ஸ் 29-க்கு என்ன வழி?

கிங்ஸ் சர்க்கிள்:

151-ம் 1/80-க்குக் கீழே என்றால் வேறு சாட்சியே வேண்டாம். லென்ஸ்தான்.

எஃப் 2 பயம் அருகில் நின்று எடுக்கும்போதுதான் நியாயம். 85 மிமீ, எஃப் 2, 10 மீட்டர் தூரம், டிஎக்ஸ் சென்சார்: கூர்மையாக நிற்கும் ஆழம் ஏறக்குறைய 1.1 மீட்டர், பாதி முன்னால், பாதி பின்னால். அரைமண்டியில் நின்று சபையை நோக்கிக் கையை முழுக்க நீட்டினால் விரல் நுனி லேசாக மென்மையாகலாம், அவ்வளவே.

இந்த ஆழத்தை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். டி90-இல் நம்பக்கூடியது நடுப் புள்ளி மட்டும் என்று சொன்னேன். செங்குத்து ஃப்ரேமில் அது விழும் இடம் இடுப்பு. அங்கே ஒட்டியாணம் இருக்கிறது. பொன்னிற விளிம்பும் கல்லும் புடவை நிறத்தோடு வெட்டிக்கொண்டு நிற்பதால் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். சாயம் பூசி வழவழப்பான கன்னத்தில் தடுமாறும். ஒட்டியாணத்தில் பிடித்தால் முகமும் அதே 1.1 மீட்டருக்குள்தான். ஏஎஃப்-சி (விடாமல் ஃபோகஸைத் தொடரும் முறை) வைத்து, ஏஇ-எல் பொத்தானுக்கு ஏஎஃப்-ஆன் (ஃபோகஸை இயக்கும்) வேலையைக் கொடுத்துவிட்டு, கட்டைவிரலால் ஃபோகஸை ஓட்டிக்கொண்டே இருங்கள். ஆள்காட்டி விரல் படம் எடுக்க மட்டும்.

எக்ஸ்போஷரை மேனுவலில் வையுங்கள். எஃப் 2, 1/400, ஐஎஸ்ஓ 1600-இலிருந்து தொடங்குங்கள். பின்னால் கறுப்புத் திரை இருந்தால் ஃப்ரேம் முழுதையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டர் ஏமாந்து முகத்தை வெளிறடித்துவிடும், அதனால் ஸ்பாட் மீட்டரில் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிவப்பு, நீல எல்இடி எரியும்போது ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறமாகப் பிரித்துப் பாருங்கள். பொதுக் கோடு சரியாக இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். அப்போது முகத்தில் விவரமே இருக்காது. மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள். தொடங்கும் முன்பே 1/400-இல் வெற்று மேடையைப் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். ஒன்றுக்கொன்று வெளிச்சமோ நிறமோ மாறினால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும் என்பதால் 1/100-க்கு இறங்கினால் சமமாகிவிடும்.

அப்படி 1/100-க்கு இறங்கும்போது தாளம் கை கொடுக்கும். தீர்மானம் (ஜதியின் முடிப்பு) முடிந்து சமத்தில் (தாளம் தொடங்கும் அடி) வந்து விழும் அந்தக் கணத்தில் உடல் ஒரு நொடிக்கும் குறைவாக அசையாமல் நிற்கிறது. நட்டுவனாரின் சொற்கட்டைக் காதில் வாங்கிக்கொண்டு, கடைசித் "தா"வோடு சேர்த்து அழுத்துங்கள். பார்த்த பிறகு அழுத்தினால் போஸ் கலைந்திருக்கும்.

ஆல்பம்: டி90 படம் 4288 பிக்சல் நீளம். 12×18 பக்கத்துக்கு அங்குலத்துக்கு 238 பிக்சல், தாராளம். 36 அங்குலம் முழுக்க ஒரே படமாக விரித்தால் 119. அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். டிசைன் செய்பவரிடம் முழு விரிப்புக்கு ஒரே படம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அல்லது அந்த ஒரு படத்தை நன்றாக வெளிச்சம் விழுந்த தில்லானாவிலிருந்து கொடுங்கள்.

நாய்ஸ் 29: ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) வைத்திருந்தால் இன்றைக்கே காப்பாற்றலாம். லைட்ரூம் மென்பொருளில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் (நாய்ஸ் குறைக்கும் வசதி) பழைய டி90 ரா ஃபைலையும் எடுத்துக்கொள்ளும். முழு அளவில் இழுக்காதீர்கள், நகைக்கல்லும் நெற்றிச் சுட்டியும் மெழுகு மாதிரி ஆகிவிடும். ஜேபெக் மட்டும் என்றால் அது உதவாது. இனி ராவில் எடுங்கள். ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் ஹை 1-ஐத் தொடவேண்டாம்; அது படத்தை எடுத்த பிறகு வெளிச்சம் கூட்டுவதுதான், அதை நீங்கள் கணினியிலேயே நன்றாகச் செய்யலாம்.

85-ஐ வைத்து இரண்டு மூன்று நிகழ்ச்சி எடுத்துவிட்டு, அந்தப் பிரிப்பை மறுபடி செய்யுங்கள். கலங்கியது குறைந்து, ஃபோகஸ் தப்பியது மட்டும் 38-க்குப் பக்கத்திலேயே நின்றால், டி7200 வாங்கும் நேரம் அது. பூநாரைக்கும் அதுதான் பொருத்தம் என்று மேலே நண்பர் சொல்லியிருக்கிறார். மீதிப் பணத்துக்கு வரும் என்றே நினைக்கிறேன்.

பழுது மேசை:

கழன்ற ரப்பருக்கு யாரும் பதில் சொல்லல. ஃபெவிக்விக் மட்டும் போட்டுடாதீங்க. அதோட ஆவி பக்கத்துல இருக்கற பொத்தான் இடுக்குலயும் வியூஃபைண்டர் கண்ணாடிலயும் வெள்ளையாப் படியும், அப்புறம் போகாது. ரப்பரை மெதுவா உரிச்சு, பழைய பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணில நனைச்சுத் துடைங்க. கேமரா மேல நேரா ஊத்தக் கூடாது. உப்பிப்போன ரப்பர் திரும்ப அதே அளவுல உக்காராது, டி90-க்குன்னு வெட்டின புது ரப்பர் தனியாக் கிடைக்கும். மெல்லிய டபுள் சைட் டேப்ல ஒட்டி, ரப்பர் பேண்ட் சுத்தி ஒரு ராத்திரி வச்சுடுங்க.

85 வந்ததும் காத்துப் புகாத டப்பால, சிலிக்கா ஜெல்லோட, சின்ன ஹைக்ரோமீட்டரும் போட்டு வைங்க. 40-லருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். நீல ஜெல் இளஞ்சிவப்பா மாறினா சூடு பண்ணிக் காய வைக்கணும், ஆனா சமைக்கற பாத்திரத்துல வேண்டாம், அந்த நீலத்துல கோபால்ட் இருக்கு. நிகழ்ச்சி முடிஞ்சு ஏசி ஹால்லருந்து வெளிய வரும்போது பையோட ஜிப்பை மூடியே வைங்க. குளுந்த கண்ணாடில ஜூலைக் காத்து பட்டா உடனே பனி பூக்கும். வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் கழிச்சு திறங்க.